“மறுகா என்ன?” – கதையுலகம் சோர்ந்துபோனால் எங்கே கை வைப்பது

ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, பேச்சாலேயே ஒரு கதையை நடத்துகிற மேசை ஆட்டம் ஒன்றுக்காக மாதக்கணக்கில் இருந்து ஒரு கற்பனை நாட்டைக் கட்டியிருக்கிறீர்கள். வரைபடம் இருக்கிறது, ராசவம்சம் இருக்கிறது, மூன்று பழைய யுத்தங்கள் இருக்கின்றன. நண்பர்கள் வந்து மேசையைச் சுற்றி அமர்கிறார்கள், பகடை உருளுகிறது. இரண்டாம் கிழமையே ஆட்டம் களைக்கத் தொடங்குகிறது, “மறுகா என்ன?”, அதாவது அடுத்தது என்ன, என்று உங்களைக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் பலர் ஆடுகிறவர்களைக் குறை சொல்வார்கள். வேறு சிலர் வீட்டுக்குப் போய் இன்னும் இருபது பக்கம் எழுதுவார்கள். இரண்டாலும் பலன் இல்லை என்று கண்டபிறகுதான் இதை எழுதுகிறேன்.

டண்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்ததிலிருந்து இந்தப் பாத்திர ஆட்டங்களை நடத்துகிறவருக்குப் பல பெயர்கள் உண்டு. எங்கள் மேசையில் நாங்கள் வைத்த பெயர் அண்ணாவியார். கூத்துக் களரியில் ஓரமாக நின்று, ஆடுகிறவனுக்கு அடியெடுத்துக் கொடுத்து, தான் ஆடாமலே ஆட்டத்தை விடியும்வரை கொண்டுபோகிறவர் அவர்தானே. மேசை இருப்பது மட்டக்களப்பில் கல்லடியில், ஒரு வீட்டு விறாந்தையில். காத்தான்குடியிலிருந்து ஒருவர், களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர், கல்முனையிலிருந்து பஸ் ஏறி வருகிற இருவர். விதிப்புத்தகத்துக்குக் காசு தேவைப்படவில்லை. 2023 ஜனவரியில் டண்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். விதி இலவசம். உலகத்தை நாமே செய்யவேண்டும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மேசையில் தெரிவதை மட்டும் பார்த்தால் போதும். முதலாவதை மட்டும் எல்லோரும் வாசியுங்கள், மற்றப் பழுதுகளில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

உலகத்தைப் பிரித்துப் போடுவதற்கு முன் ஒரு சோதனை. ஒருத்தர் மட்டும் சோர்ந்திருந்தால் அது உலகத்தின் பழுது அல்ல. அவர் காலையிலிருந்து ரியூசன் எடுத்துவிட்டு வந்திருப்பார், அல்லது அவருக்கு வேறு பாத்திரம் வேண்டியிருக்கும். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சண்டை வரும்போது மட்டும் எல்லோரும் சோர்ந்தால் விதியைப் பாருங்கள். சண்டை முடிந்தபிறகு சோர்ந்தால்தான் உலகத்தைப் பார்க்கவேண்டும்.

அறிகுறி: “மறுகா என்ன?” என்று உங்களையே கேட்கிறார்கள்

ஒரு காட்சி முடிகிறது. நீங்கள் அடுத்த ஊரை விவரித்துவிட்டு நிறுத்துகிறீர்கள். மேசையில் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஒருவர், “சரி மச்சான், மறுகா என்ன?” என்கிறார். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் அந்தக் கேள்வி வந்தால், உங்கள் உலகத்தில் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் கொப்பியை எடுத்து வினைச்சொற்களின் கீழ் கோடு போடுங்கள். “ஆண்டான்”, “வென்றான்”, “அழிந்தது”, “சபித்தாள்”. எல்லாம் இறந்தகாலமாக இருந்தால் பழுது அங்கேதான். ஆடுகிறவர்கள் வந்து சேரும் நாளில் நடந்துகொண்டிருக்கிற காரியம் ஒன்றுமில்லை. கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்தில் விருந்தாளியைக் கூப்பிட்டமாதிரி.

நான் செய்த திருத்தத்தைச் சொல்கிறேன். என் உலகத்தில் ஒரு வாவி இருந்தது. அதைச் சுற்றி ஐந்து அரசர்களின் வரலாறு எழுதி வைத்திருந்தேன். அதையெல்லாம் தூக்கிவிட்டு நம் ஊரில் மாரிக்கு மாரி வருகிற ஒரு கேள்வியை வைத்தேன்: வாவி கடலில் சேருகிற முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது? மணல்திட்டு கடலை மறித்து நிற்கிறது. மழை கொட்டுகிறது. மேற்குக் கரையில் வயல் தாழ்கிறது, வெட்டிவிடு என்கிறார்கள். இன்னும் பத்து நாள் பொறு, தண்ணீர் வடிந்தால் என் இறாலும் போய்விடும் என்கிறார் வாவிக்காரர். மணல்திட்டுக்கு அடியில் ஒரு காவல் பூதம் உறங்குகிறது என்று நான் சேர்த்தேன், அதுவும் தன் பங்குக்கு விலை கேட்கிறது. இரண்டு பக்கத்திலும் கெட்டவன் இல்லை. பத்து நாள் மட்டும் இருக்கிறது. அன்றிரவு யாரும் என்னை “மறுகா என்ன?” என்று கேட்கவில்லை. நாலு பேரும் தங்களுக்குள்தான் சண்டை பிடித்தார்கள்.

இப்படிப்பட்ட முடிச்சு ஒன்றில் மூன்று இழை இருக்கவேண்டும். யாருக்கு என்ன வேண்டும், யார் மறிக்கிறார், எந்த நாளுக்குள். மூன்றாவதை நிறையப்பேர் விட்டுவிடுகிறார்கள். நாள் குறிக்காத பிரச்சினை அவசரமாகாது, “பிறகு பார்ப்போம்” என்று நகர்ந்துவிடும்.

நல்ல பெயர் எடுத்த கதையுலகங்களிலும் இதே கட்டுத்தான். 1991இல் வந்த டார்க் சன் பாலைவன உலகத்தில் உலோகம் அரிது. மந்திரம் போட்டால் சுற்றியுள்ள பயிர்பச்சை கருகலாம். வரலாறு ஒரு வரி தெரியாவிட்டாலும் தண்ணீர் எங்கே, வாள் யாரிடம், இந்த மந்திரத்தைப் போடலாமா என்று முதல் அரைமணியிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும். 2004இன் எபெரானில் நூறு வருட யுத்தம் ஒன்று முடிந்து இரண்டே வருடத்தில் ஆட்டம் தொடங்குகிறது. ஒப்பந்தம் எழுதியாயிற்று, ஒருவரும் மற்றவரை நம்பவில்லை. ஒரு முழு நாடு ஒரே நாளில் ஏன் அழிந்தது என்பதற்கு அதை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே பதில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பதிலை ஒவ்வொரு மேசையும் தானே தேடிக்கொள்ளும்.

அறிகுறி: நீங்கள் வரலாறு வாசிக்கும்போது போனை எடுக்கிறார்கள்

போனை வாங்கி வைப்பது மருந்தல்ல. தேவை வருவதற்கு முன் தகவல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் கதையை நினைத்துப் பாருங்கள். கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, கல்லால் செய்த அந்த நந்தி புல்லுத் தின்னுமா என்று கேட்டான். நந்தி எழுந்து புல்லைத் தின்றது. இதில் வந்தவன் யார், இருந்தவர் யார், பயம் என்ன, நம்பிக்கை என்ன என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. ஒருவரும் ஆண்டுக்கணக்குச் சொல்லாமலே சின்னப்பிள்ளையும் அதைத் திருப்பிச் சொல்லும். மட்டக்களப்பு நகரில் இருக்கிற புளியந்தீவுக் கோட்டை போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்தே வருடத்தில் 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது என்பதும் வரலாறுதான். அந்த ஆண்டுகளைப் பாடத்தில் படித்து மறந்தோம். கோட்டையை மறக்கவில்லை, அந்தச் சுவரைத் தொட்டிருக்கிறோம்.

ஆகவே உங்கள் வரலாற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். கண்ணால் காணக்கூடியது ஒன்று, இடிந்த மதில், பூட்டிய கிணறு, கால் இல்லாத சிலை போல. ஊரார் சொல்லக்கூடிய கதை இரண்டாவது, அதை இரண்டு ஆட்கள் இரண்டு விதமாகச் சொல்லவேண்டும். தோண்டினால் மட்டும் கிடைப்பது மூன்றாவது. எந்தக் குவியலிலும் சேராத வரி உங்கள் சந்தோசத்துக்கானது. அதை எழுதுவதில் பிழையில்லை, நானும் எழுதுகிறேன். மேசையில் வாசிக்காதீர்கள்.

சரியாகிவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. போன கிழமை வராத ஒருவருக்கு, வந்த ஒருவர் நடந்ததைச் சொல்லட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் உங்கள் உலகத்தின் உண்மையான வரலாறு.

அறிகுறி: எல்லா ஊரும் ஒரே ஊராக இருக்கிறது

மதுச்சாலை, கொல்லன் பட்டறை, பனி மூடிய மலை, முக்காடு போட்ட கிழவன். ஆடுகிறவர்களைப் பார்த்து “உங்கள் ஊர் எப்படி இருக்கும்?” என்று கேட்டால் ஒருவரும் பேசமாட்டார்கள். பனியை அவர்கள் கண்டதில்லை, நீங்களும் கண்டதில்லை. படத்தில் பார்த்ததை இரவல் வாங்கித்தான் விவரிக்கமுடியும், இரவல் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

இதற்குப் பலர் செய்வது பெயர் மாற்றுவது. எல்ஃப் என்பதை வெட்டி யட்சி என்று எழுதுவார்கள், மதுச்சாலையைத் தேத்தண்ணிக் கடை ஆக்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெயர்ப்பலகை மாறியது, ஊர் மாறவில்லை. ஊரை ஊராக்குவது தண்ணீர், காற்று, வேலை, அதிகாரம் ஆகிய நாலும்.

நம் வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. பெயரிலேயே திசையும் வாழ்க்கையும் இருக்கிறது. இங்கே கடல், தென்னை, கடைத்தெரு. அங்கே வட்டை வட்டையாக வயல், பட்டி மாடு, இரவில் யானைக் காவல். தோணியில் கடக்கிற தூரம்தான், ஆனால் ஒரு கரையில் வளர்ந்தவனுக்கு மற்றக் கரையில் நடக்கத் தெரியாது. கற்பனை நாட்டுக்கு நான் முதல் வைத்த பிரிவு இதுதான். குள்ளர், நெட்டையர் என்ற பிரிவெல்லாம் பிறகு வந்தது. சூரியனை எழும்போது கும்பிடுகிறவர்களும் விழும்போது கும்பிடுகிறவர்களும் ஒரே தெய்வத்தைத்தான் கும்பிடுகிறார்களா என்ற கேள்வியை வைத்து மட்டும் ஆறு கிழமை ஆட்டம் ஓடியது.

காற்றையும் உள்ளே எடுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதத்தில் என்ன வேலை நிற்கும், வாடை தொடங்கினால் யார் கடலுக்குப் போகமாட்டார், யார் வட்டிக்குக் கடன் கொடுப்பார் என்று எழுதிப் பாருங்கள். கோடை மாரி என்ற இரண்டு பருவத்தை மட்டும் ஒழுங்காக வைத்தாலே ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு முகம் கிடைத்துவிடும்.

அதிகாரத்துக்கு நகரபிதாவும் கோமகனும் தேவையில்லை. தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் போகும் என்று சொல்கிற வட்டவிதானை, கோயில் திறப்பை வைத்திருக்கிற வண்ணக்கர், நூறு ஏக்கர் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருக்கிற போடியார், அவருக்காக வயலில் நின்று உண்மை எல்லாம் அறிந்த முல்லைக்காரர். இந்த நாலு பேரையும் ஒரு கிராமத்தில் வையுங்கள். ஆடுகிறவர்களுக்கு யாரிடம் போகவேண்டும், யாரைக் கோபிக்க வைக்கக்கூடாது என்று உடனே விளங்கும். அவர்கள் வீட்டில் பெரியாக்கள் பேசிக் கேட்ட பேச்சு அது.

அறிகுறி: வரைபடம் பெரிது, பயணம் வெறுமை

நாட்டைச் சின்னதாக்குங்கள். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி சாதாரண நடையில் ஒரு நாளில் போகக்கூடியது 24 மைல், ஏறத்தாழ 39 கிலோமீற்றர். மட்டக்களப்பு வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கத்துக்குக் கரையோரமாக நடந்தால் இரண்டாம் நாள் பொழுதுபடமுன் போய்ச் சேரலாம். அந்த இரண்டு நாள் நடைக்குள் எத்தனை ஊர், எத்தனை சாமி, எத்தனை பாசை! தமிழ், முஸ்லிம் ஊர்கள் மாறி மாறி வரும். போர்த்துக்கேயக் கிரியோல் தெரிந்த பறங்கியர் குடும்பங்கள் இன்னும் நகரத்தில் இருக்கின்றன. ஒரு வருட ஆட்டத்துக்கு அவ்வளவு நிலம் தாராளம்.

அறிகுறி: கடைக்காரனைக் கொன்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள்

இந்தப் பழுதைப் பல மேசைகளில் முறைப்படுகிறார்கள். காவல்காரனைப் பலமாக்கு, தூக்குமேடை வை என்றுதான் பொதுவாக ஆலோசனை வரும். நான் செய்து பார்த்தேன். காவல்காரனையும் கொன்றார்கள்.

காரணம் எளிது. அந்தக் கடைக்காரனுக்கு ஒருவரும் இல்லை. ஆடுகிறவரின் பாத்திரத்துக்கும் ஒருவரும் இல்லை. தாய் தகப்பன் செத்துப்போய், ஊர் எரிந்துபோய், தனியாக அலைகிற வீரன் என்றுதான் பத்தில் ஒன்பது பேர் பாத்திரம் எழுதுகிறார்கள். இரண்டு அநாதைகள் சந்தித்தால் ஒருவன் சாவதில் யாருக்கு என்ன நட்டம்?

நம் பக்கத்தில் அப்படி ஒரு மனிதன் இருக்கமுடியாது. தாய் எந்தக் குடியோ, அதாவது எந்தத் தாய்வழிக் குலமோ, பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று முறை இருக்கிறது. அந்த முறைக்குள் ஏற்றத்தாழ்வும் வலியும் இருக்கிறது, அதை அழகாக்க நான் வரவில்லை. ஆனால் ஒரு கதையுலகத்துக்கு அதைவிட உறுதியான வலை கிடைக்காது. என் உலகத்தில் ஏழு குடி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடமை, ஒரு விலக்கு. ஒரு குடி இறந்தவரை ஆற்றைக் கடத்தும், உப்பைத் தொடாது. இன்னொரு குடி மழைக்கு முறையிடும், சத்தியம் பண்ணாது. ஆடுகிறவர் பாத்திரம் எழுதும்போது தாயின் குடியை முதலில் எழுதவேண்டும். பிறகு இரண்டு உறவினர், ஒருவர் உங்களுக்குக் கடன்பட்டவர், ஒருவர் உங்களோடு கோபமாக இருக்கிறவர்.

இதை வைத்த மூன்றாம் கிழமை ஒரு பாத்திரம் தோணிக்காரன் ஒருவனைக் காசுக்காக வெட்டியது. நான் காவல்காரனை அனுப்பவில்லை. அடுத்த கிழமை அந்தப் பாத்திரத்தின் சொந்தப் பெரியம்மா வந்தா. செத்தவன் அவவின் குடி. ஊர் முறைப்படி அவதான் பிரேதத்துக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும். “நீ வந்து செம்பைப் பிடி” என்று மட்டும் சொன்னா. ஆடுகிறவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான் போறன்” என்றார். அதற்குப்பிறகு அந்த மேசையில் ஒருவரும் காரணமில்லாமல் வாளை உருவவில்லை.

அறிகுறி: அணிகள் எல்லாம் நல்லவன் கெட்டவன் என்று முடிகின்றன, கெட்டவன் செத்தால் கதையும் முடிகிறது

கண்ணகி அம்மனுக்கு எடுக்கிற கொம்பு விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். கோவலன் பக்கம் ஒன்று, கண்ணகி பக்கம் ஒன்று. இரண்டு கொம்பைக் கொழுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். வசைப்பாட்டும் நடக்கும், வேகமும் நிசமானது. ஆனால் மழைக்கும் நோய் தீர்வதற்கும் ஊருக்காக இரண்டு சேரியும் சேர்ந்தே செய்கிற சடங்கு அது. ஒரு சேரி இல்லாவிட்டால் மற்றது விளையாட முடியாது.

உங்கள் உலகத்தில் இரண்டு அணியை இப்படிக் கொழுவி வையுங்கள். ஒன்றை அழித்தால் மற்றதும் கெடவேண்டும். அப்போது ஆடுகிறவர்கள் யாரைக் கொல்வது என்று கேட்கமாட்டார்கள், எந்தப் பக்கம் கயிறு பிடிப்பது, எவ்வளவு இழுப்பது என்று யோசிப்பார்கள்.

அறிகுறி: மந்திரம் வந்ததும் பிரச்சினை மறைகிறது

“அந்தப் பெரிய மந்திரவாதியே செய்யலாமே” என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. மந்திரத்தைத் தடை செய்யவேண்டாம், கணக்குப் போடுங்கள். ஐந்தாம் பதிப்பில் உணவும் நீரும் உண்டாக்குகிற மந்திரம் ஒரு தடவைக்கு 15 பேரை ஒரு நாள் தாங்கும். ஐந்தாம் நிலைக்கு வந்த பூசாரிக்கு அது கைகூடும், ஒரு நாளில் இரண்டு தடவை. வரட்சி வந்த ஊரில் முந்நூறு பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். முப்பது பேருக்குச் சோறு. எந்த முப்பது? பட்டியலை யார் எழுதுவது? விடுபட்ட தாய் கோயில் வாசலில் வந்து நின்றால் பூசாரி என்ன சொல்வார்? மந்திரம் இல்லாவிட்டால் அந்த ஊரில் பஞ்சம் மட்டும்தான். மந்திரம் இருப்பதால் பஞ்சத்தோடு ஒரு வழக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு மந்திரத்தையும் இப்படி ஒருமுறை ஊருக்குள் விட்டுப் பாருங்கள்.

பொற்காசும் இதே வகைதான். விதிப்படி சாதாரணக் கூலியாளுக்கு நாளுக்கு இரண்டு வெள்ளிக்காசு, பத்து வெள்ளி ஒரு பொன். அப்படியென்றால் ஒரு பொற்காசு ஐந்து நாள் கூலி. குகைக்குள்ளிருந்து ஐந்நூறு பொன்னோடு வருகிறவர்கள் கூலிக்காரரின் ஏழு வருட உழைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைகிறார்கள். ஊர் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தால்தான் காசு வெறும் இலக்கமாகிறது. கடன் கேட்டு யாராவது வரட்டும். கோயில் உண்டியல்காரர் வரட்டும். நெல்லை மரைக்காலில் அளக்கிற முதலாளி திடீரென்று விலையைக் கூட்டட்டும்.

அறிகுறி: வழியில் வருவதெல்லாம் சம்பந்தமில்லாத பூதங்கள்

வழியில் எது எதிர்ப்படும் என்று பகடை போட்டுப் பார்க்கிற பட்டியலைத் திருத்தினால் தீரும். இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டினால் 36 வாய்ப்பில் ஆறு தடவை 7 வரும், 2உம் 12உம் ஒவ்வொரு தடவைதான். ஆகவே 6, 7, 8இல் அந்த நிலத்தின் அன்றாடத்தை வையுங்கள்: எருமைப் பட்டி, தேன் எடுக்கப் போகிறவர்கள், தண்ணீர் முறைக்குச் சண்டை. 4, 5, 9, 10இல் அபாயம்: வயலுக்குள் இறங்கிய யானை, வெள்ளம் அரித்த அணைக்கட்டு. 3இலும் 11இலும் உங்கள் முடிச்சுகளில் ஒன்றின் செய்தியாள் வரட்டும். ஓரத்தில் இருக்கிற 2இலும் 12இலும் மட்டும் தெய்வமும் பூதமும். அபூர்வமாக வந்தால்தான் பயம் வரும்.

அறிகுறி: அதிசயத்தைக் கண்டும் ஒருவரும் அதிசயப்படவில்லை

மிதக்கும் கோட்டை, பேசும் மலை, ஒளிரும் காடு எல்லாம் சொன்னீர்கள். “ஆ, சரி” என்றார்கள்.

பாடும்மீனை எப்படிக் கேட்பது என்று நம் ஊரில் சொல்வார்கள், ஞாபகமா? நிலாக்காலம், காற்று அடங்கிய இரவு, தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குப் போகவேண்டும். பேச்சை நிறுத்தவேண்டும். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதோடு வைக்கவேண்டும். கேட்டவர்கள் இருக்கிறார்கள், கேட்காமல் திரும்பியவர்கள் அதைவிட அதிகம். மீனா, சிப்பியா, நத்தையா என்று இன்னும் வாதம் முடியவில்லை. 1924இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் வந்து வாகன இரைச்சல் கூடியபிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

அந்த அதிசயம் நாமாகப் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். நேரம் பார்க்கவேண்டும், உடம்பால் ஒன்று செய்யவேண்டும், கிடைக்காமலும் போகலாம். உங்கள் பேசும் மலைக்கு இதில் ஒன்றைக் கொடுங்கள். வெறும்வயிற்றோடு ஏறினவனுக்குத்தான் அது பேசும் என்று வையுங்கள். ஆடுகிறவர்கள் சாப்பாட்டு மூட்டையைப் பார்த்து வாதாடத் தொடங்குவார்கள்.

அறிகுறி: மேசை திடீரென்று மௌனமாகிறது

இதை மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். களைப்பில் வருகிற மௌனம் வேறு, இது வேறு.

என் முதல் கதையில் கடல்தெய்வம் கோபித்துக் கரையை விழுங்குகிற காட்சி ஒன்று வைத்திருந்தேன். அழகாக எழுதியிருந்தேன். தண்ணீர் பின்வாங்குவதை விவரித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து கேற்றடிக்குப் போய் நின்றார். கல்லடியில் இருந்துகொண்டு, 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, அந்தக் காட்சியை ஒரு சொல்லும் கேட்காமல் வைத்தது என் தவறு. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று ஆட்டம் அத்தோடு நின்றது.

நம் மேசைகளில் 1978 சூறாவளியைக் கண்ட வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யுத்தத்தில் ஆளை இழந்த வீடு, ஆள் திரும்பிவராத வீடு, இரவோடிரவாக ஊரை விட்ட வீடு எல்லாம் இருக்கின்றன. தமிழ், முஸ்லிம் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. ஆகவே ஆட்டம் தொடங்குமுன் ஒரு நாள் பகடை இல்லாமல் கூடுங்கள். எது கதைக்குள் வரவே கூடாது, எது வரலாம் ஆனால் விவரிக்கக்கூடாது என்று கேளுங்கள். எல்லோர் முன்னிலும் சொல்ல முடியாதவர் இருப்பார், தனித்தனியாகவும் கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள். மேசை நடுவில் எக்ஸ் எழுதிய அட்டை ஒன்றை வையுங்கள். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அந்த இடத்தில் நிற்கும், விளக்கம் தேவையில்லை. இந்த அட்டை முறை பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. எங்கள் மேசையில் அது மூன்று தடவை தொடப்பட்டிருக்கிறது, மூன்று தடவையும் ஆட்டம் தொடர்ந்தது.

உலகத்திலேயே திருத்தவேண்டியதும் ஒன்று உண்டு. பிறப்பாலேயே கெட்ட இனம் என்று ஒன்றை வைக்காதீர்கள். பழைய ஆட்டங்களில் ஓர்க்குகள் என்ற அரக்க இனத்துக்கு அந்த இடம் இருந்தது. “அவங்கள் எல்லாரும் அப்படித்தான்” என்ற வார்த்தை இந்த மண்ணில் என்ன செய்தது என்று அறிந்தவர்களோடு இருந்துகொண்டு, அதே வார்த்தையை விளையாட்டின் விதியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஓர்க்குகள் உப்பு விளைவிக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், கொடுமைக்காரத் தலைவன் ஒருவனும் அவர்களிடம் இருக்கிறான். காத்தான்குடிக் காக்கா, எங்கள் முஸ்லிம் அண்ணன், தன் அடுத்த பாத்திரத்துக்கு ஓர்க்குக் கிழவி ஒருத்தியைத்தான் எடுத்தார்.

அறிகுறி: உங்கள் உலகத்தைப் பற்றி உங்களுக்கே தெரியாததை அவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள்

“அந்தத் துறையில என்ட பெரியப்பா மீன்வாடி போட்டிருக்கார், அவருட்டக் கேப்பம்” என்று ஒருவர் சொல்வார். உங்கள் கொப்பியில் அப்படி ஒரு துறை இல்லை, பெரியப்பாவும் இல்லை. மறுக்காதீர்கள். பேனையை எடுத்துப் பெரியப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எந்தக் குடி என்றும் கேளுங்கள். பிறகு, “அவர் வாடியில இல்ல. மூணு நாளாத் தோணி மட்டும் கிடக்கு” என்று சொல்லிவிட்டுப் பகடையை அவர் பக்கம் தள்ளுங்கள்.